தூரிகையும் தொழிற்சங்க அட்டையும்

2014 நவம்பர் 10ஆம் தேதி வரை, மும்பைத் திரைத்துறையில் ஒரு பெண் இன்னொருவரின் தலைமுடியைச் சீவிக் கூலி வாங்கலாம்; அதே ஆளின் முகத்தில் பவுடர் பூசிக் கூலி வாங்கக் கூடாது. சீப்புக்கு அனுமதி, பிரஷ்ஷுக்குத் தடை. இது யாரோ ஒரு முரட்டு ஆசாமியின் சொந்த விருப்பமல்ல. பதிவு பெற்ற ஒரு தொழிற்சங்கத்தின் விதி. ஒப்பனைக் கலைஞர் அட்டை ஆணுக்கு, சிகை அலங்கார அட்டை பெண்ணுக்கு என்று அந்தச் சங்கம் ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பிரித்து வைத்திருந்தது. அட்டை இல்லாமல் படப்பிடிப்புத் தளத்தில் பிரஷ்ஷைத் தொட்ட பெண்கள் மிரட்டப்பட்டார்கள், வேலையிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள்.

வழக்குத் தொடுத்தவர்களில் முதன்மையானவர் சாரு குரானா. அமெரிக்காவுக்குப் போய், லாஸ் ஏஞ்சலிஸில் திரைப்பட ஒப்பனை படித்துவிட்டு வந்தவர். 2009இல் உறுப்பினர் அட்டை கேட்டு விண்ணப்பித்தார். மறுத்தார்கள். இரண்டு காரணங்கள் சொன்னார்கள்: நீங்கள் பெண், மகாராஷ்டிரத்தில் ஐந்தாண்டு குடியிருக்கவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. நீதிபதிகள் தீபக் மிஸ்ராவும் யு. யு. லலித்தும் இரண்டு காரணங்களையும் தள்ளுபடி செய்தார்கள். சமத்துவம், தொழில் செய்யும் உரிமை, வாழ்வாதாரம் ஆகியவற்றைக் காக்கும் அரசமைப்புப் பிரிவுகளுக்கு இந்த விதி எதிரானது என்றார்கள். 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம் பதினைந்து வயது நிரம்பிய 'எந்த நபரும்' சங்கத்தில் சேரலாம் என்றது. 'எந்த ஆணும்' என்று சொல்லவில்லை என்பதையும் எடுத்துக்காட்டினார்கள். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டத்துக்குப் புரிந்த ஒன்று, சுதந்திர இந்தியாவின் கலைத்தொழிலாளர் சங்கத்துக்குப் புரியவில்லை.

தீர்ப்பைக் கொண்டாடுவதோடு நிறுத்திவிடுகிறோம். தடைக்குச் சொல்லப்பட்ட காரணத்தை நின்று பார்ப்பதில்லை. பெண்களுக்குப் பிரஷ்ஷைப் பிடிக்கத் தெரியாது என்று அந்தச் சங்கம் வாதாடவில்லை. பெண்களை ஒப்பனைக் கலைஞர்களாக விட்டுவிட்டால் ஆண்களின் பிழைப்பு போய்விடும் என்றது. திறமையில்லாதவள் யாருடைய பிழைப்பையும் பறிக்க முடியாது. அப்படியென்றால் அது தடையில் ஒளிந்திருந்த ஒரு நற்சான்றிதழ்: உனக்குத் தெரியும், தெரிந்தது கூலியாக மாறக் கூடாது.

இதற்கும் நம்மூருக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்கள் தங்கள் நாவில் இருக்கும் சொல்லைக் கவனிக்கட்டும். கோடம்பாக்கத் தமிழில் அது 'மேக்கப்மேன்'. 'டச்சப் பாய்' என்றொரு சொல்லும் உண்டு. தொழிலின் பெயரிலேயே ஆணை உட்காரவைத்தாயிற்று. வீட்டில் மூன்று வேளையும் அடுப்படியில் நிற்பவள் பெண். ஆனால் கல்யாண வீட்டில் கரண்டி பிடித்து ஆயிரம் பேருக்குச் சமைத்து, தட்டில் வெற்றிலை பாக்குடன் பணம் வாங்குபவர் ஆண். அந்தச் சமையலுக்குப் பெயரும் நளபாகம். வீட்டில் கிழிசல் தைப்பவள் பெண், கடைவாசலில் தையல் மிஷின் போட்டவர் ஆண். ஒரு வேலை கடமையாக இருக்கும் வரை பெண்ணுடையது. அதற்கு விலைப்பட்டியல் வந்ததும் அது கலையாகி, தொழிலாகி, ஆணிடம் போய்விடுகிறது. ஒப்பனை இந்த வரிசையில் ஒன்று. ஆனால் மற்றவற்றைவிட இது கொஞ்சம் கூடுதல் அபத்தம். ஏனென்றால் சமைக்காத பெண்ணைக்கூட மன்னித்துவிடும் நவீன வீடு, 'என்னடி மூஞ்சி இப்படி எண்ணெய் வழியுது' என்று கேட்காமல் இருப்பதில்லை. தன் முகத்தைத் தினம் தீட்டியாக வேண்டும் என்பது விதி. பிறர் முகத்தைத் தீட்டிச் சம்பாதிக்கக் கூடாது என்பதும் விதி. இரண்டையும் எழுதிய கை ஒன்றுதான்.

திருக்குறளின் 129ஆம் அதிகாரம் புணர்ச்சி விதும்பல். அதில் 1285ஆம் குறளில் பேசுபவள் பெண். மை தீட்டும்போது கண் அந்தக் கோலைப் பார்ப்பதில்லை. அதுபோல் கணவன் பக்கத்தில் இருக்கும்போது அவன் குற்றம் என் கண்ணில் படுவதில்லை என்கிறாள். வகுப்பில் இதை ஊடலின் இனிமை என்று நடத்துவது வழக்கம். நான் அந்தக் கோலிலேயே நின்றுவிடுவேன். மிக அருகில் வந்த கருவி கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. அன்றாடம் கையாள்கிற கருவி கருவியாகவே தோன்றுவதில்லை. கரண்டி, துடைப்பம், அரிவாள்மனை, கண்மைக் கோல் எல்லாம் பெண் கையில் இருக்கும்போது அவளுடைய உடம்பின் நீட்சியாகிவிடுகின்றன. கருவியாகத் தோன்றாவிட்டால் அதைக்கொண்டு செய்வது உழைப்பாகத் தோன்றாது. உழைப்பாகத் தோன்றாததற்குக் கூலி எப்படித் தோன்றும்?

தமிழ் இந்த வேலைக்குத் தந்திருக்கும் வினைச்சொல் 'எழுதுதல்'. கண்ணுக்கு மை எழுதினார்கள். மார்பிலும் தோளிலும் தொய்யில் எழுதினார்கள். சங்கப் பாடல்களில் தலைவன் தலைவிக்குத் தொய்யில் எழுதுகிறான். அதை யாரும் அற்பமென்று சொல்லவில்லை. ஓலையில் எழுதுவதும் எழுத்து, சுவரில் ஓவியம் எழுதுவதும் எழுத்து, முகத்தில் எழுதுவதும் எழுத்து. இந்த ஒற்றுமையைப் பிற்காலத்தில் அறிஞர் பெருமக்கள் மறந்துவிட்டார்கள். சுங்கத்துறை மறக்கவில்லை. உலக நாடுகள் சரக்குகளை வகைப்படுத்தப் பயன்படுத்தும் சுங்கப் பட்டியலில் 9603 30 என்றோர் எண் உண்டு. ஓவியர் தூரிகைகள், எழுதும் தூரிகைகள், ஒப்பனைப் பொருள்களைப் பூசுவதற்கான அதுபோன்ற தூரிகைகள் ஆகிய மூன்றும் அந்த ஒரே வரியில் வருகின்றன. துறைமுகத்தில் இறங்கும்போது மூன்றும் ஒரு சாதி. கரையேறியதும் ஒன்று கலைக்கூடத்துக்குப் போகிறது, ஒன்று ஏடுகளுக்குப் போகிறது, ஒன்று 'பொம்பளைங்க சமாச்சாரம்' ஆகிவிடுகிறது.

சேக்காட்டிலிருந்து ஆவடிக்கு வந்து மின்சார ரயில் பிடிக்கும் பெண்களோடு பல ஆண்டுகளாகப் பயணம் செய்கிறேன். காலை ஏழரைக்கு மேல் பெண்கள் பெட்டி ஒரு பெரிய ஒப்பனை அறை. அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குப் போகிறவள் பவுடரோடு நிறுத்திக்கொள்கிறாள். தியாகராய நகர் துணிக்கடைக்குப் போகிறவள் அப்படி நிறுத்திக்கொள்ள முடியாது. வில்லிவாக்கம் தாண்டுவதற்குள் கண் எழுதி, உதடு தீட்டி, கன்னத்துக்குச் சிவப்பு பூசியாக வேண்டும். ரயில் குலுங்கும் தாளத்துக்குக் கையை நிறுத்தி நிறுத்தி, இமையோரத்தில் ஒரு கோட்டைப் பிசிறில்லாமல் இழுக்கிறாள். எந்தப் பட்டறையும் இதைச் சொல்லித் தரவில்லை. கடையில் சீருடைச் சேலையைக் கடை தருகிறது. முகத்துக்கு ஆகும் செலவை அவள் சம்பளத்திலிருந்து அவளே செய்துகொள்கிறாள். நாளெல்லாம் நின்று வேலை பார்ப்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது. கேரளம் அதற்கு மூன்றாண்டு முன்பே செய்தது. நல்ல சட்டம். காலுக்கு ஒரு நாற்காலி கிடைத்தது. முகத்தின் செலவுக்குக் கணக்கு இன்னும் எழுதப்படவில்லை. வேலைக்குத் தேவை என்று முதலாளி வற்புறுத்தும் எதுவும் முதலாளியின் செலவு. பாதுகாப்புத் தொப்பிக்குப் பொருந்தும் இந்த நியாயம் லிப்ஸ்டிக்குக்கு ஏன் பொருந்தாது?

என் மாணவிகள் கேட்கும் கேள்வி இதைவிட எளிமையானது: "மேம், புதுசா ஆரம்பிக்கிறவங்க எந்த பிரஷ் வாங்கணும்?" இந்தக் கேள்விக்கு இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. இரண்டும் அவளை ஏமாற்றுகின்றன.

முதல் பதில் சந்தையுடையது. பன்னிரண்டு பிரஷ், பதினெட்டு பிரஷ், இருபத்து நாலு பிரஷ் கொண்ட பெட்டி. புருவத்துக்கு ஒன்று, மூக்கின் ஓரத்துக்கு ஒன்று, தாடையின் நிழலுக்கு ஒன்று. ஒவ்வொரு பிரஷ்ஷும் அவளுக்கு அதுவரை தெரியாத ஒரு குறையை அவள் முகத்தில் சுட்டிக்காட்டுகிறது. மூக்கைக் கூராக்கும் பிரஷ் வாங்கும்போது கூடவே அவள் மூக்கு மொண்ணை என்ற செய்தியையும் விலைகொடுத்து வாங்குகிறாள்.

இரண்டாம் பதில் முற்போக்குத் தோழர்களுடையது. அலங்காரம் அடிமைத்தனம், படிக்கிற பெண்ணுக்கு இதெல்லாம் எதற்கு? நகையும் பட்டும் பெண்ணைப் பொம்மையாக்குகின்றன என்று பெரியார் பேசியது உண்மை. அதற்கு நாம் பட்டிருக்கும் கடன் பெரியது. ஆனால் அவர் கேள்வி, பெண்ணை நகை மாட்டும் இடமாக வைத்திருக்கும் சமூகத்தை நோக்கியது. இன்று அதைக் கையில் எடுத்துக்கொண்டு வருபவர்கள் சமூகத்தை விட்டுவிட்டுப் பத்தொன்பது வயதுப் பெண்ணின் கைப்பையைச் சோதிக்கிறார்கள். ஆயிரக்கணக்கில் கொடுத்துக் கிரிக்கெட் மட்டை வாங்கும் பையனிடம் யாரும் விளையாட்டின் முதலாளித்துவம் பற்றி வகுப்பெடுப்பதில்லை. எந்த மரம் நல்லது, எந்தப் பிடி நழுவாது என்று அவனோடு உட்கார்ந்து பேசுகிறார்கள். அவன் கையில் இருப்பது கருவி. இவள் கையில் இருப்பது சபலம்.

நான் மாணவிகளோடு உட்கார்ந்து பிரஷ்ஷைப் பற்றிப் பேசுகிறேன். ஒப்பனை விடுதலை தரும் என்று நான் நம்புவதால் அல்ல. முகத்தைத் தீட்டிக்கொள்வதால் எந்தப் பெண்ணும் விடுதலை அடைந்ததாக வரலாறு இல்லை. தீட்டாமல் விட்டதாலும் அடைந்ததில்லை. கருவியை அறிந்தவளை ஏமாற்றுவது கடினம் என்பதற்காகப் பேசுகிறேன். இதற்காக ஆவடி மார்க்கெட் பக்கம் நடைபாதைக் கடையில் உதிரியாக விற்ற ஒரு பவுடர் பிரஷ், பெட்டியில் வரும் பன்னிரண்டு பிரஷ் செட், ஸ்டேஷனரி கடையில் பிள்ளைகள் வாட்டர் கலருக்கு வாங்கும் இரண்டாம் நம்பர் செயற்கை முடி பிரஷ் ஆகிய மூன்றையும் வாங்கிவந்து, ஒரு மாதம் நானும் சில மாணவிகளும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தினோம். ஒருவர் பயன்படுத்தியதைக் கழுவாமல் இன்னொருவர் தொடக் கூடாது என்பது மட்டும் விதி.

பிரஷ்ஷுக்கு மூன்று உறுப்புகள்: முடி, முடியைப் பற்றும் உலோகக் குழல், பிடி. விலையை விளம்பரம் பிடியின் நிறத்தில் காட்டுகிறது. தரம் முடியிலும் குழலிலும் இருக்கிறது. ஆடு, குதிரை, அணில் போன்றவற்றின் முடியில் நுண்ணிய செதில்கள் உண்டு. அவை பவுடரைப் பிடித்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். செயற்கை இழை வழுவழுப்பானது. அது நீர்மத்தை உறிஞ்சாது. எனவே ஃபவுண்டேஷன், கிரீம் போன்றவற்றுக்கு அதுதான் பொருத்தம். விலங்கின் முடியால் ஆனதில் ஃபவுண்டேஷன் தொட்டால் பாதி பிரஷ்ஷுக்குள்ளேயே போய்விடும். இப்போதைய செயற்கை இழைகள் பவுடரையும் நன்றாகவே எடுக்கின்றன. ஆகவே 'ஒரிஜினல் ஹேர்' என்று கூடுதல் விலை சொன்னால் புதிதாகத் தொடங்குபவள் மயங்க வேண்டியதில்லை.

கடையிலேயே சோதித்துப் பார்க்கலாம். மணிக்கட்டின் உட்புறத்தில் நாலைந்து முறை முன்னும் பின்னும் ஓட்டினால் குத்துகிறதா என்று தெரிந்துவிடும். முடியை மெல்ல இழுத்தால் எத்தனை உதிர்கிறது என்று பார்க்கலாம். பிடியை ஒரு கையாலும் குழலை ஒரு கையாலும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் கண்டுபிடிக்கலாம். வீட்டுக்கு வந்ததும் ஷாம்பூவில் ஒரு முறை அலச வேண்டும். சாயம் போனாலும் வடிவம் திரும்பி வராவிட்டாலும் அது முகத்துக்கு ஆகாது. காய வைக்கும்போது தலைகீழாகவோ படுக்கையாகவோ வைக்க வேண்டும். நிமிர்த்தி டம்ளரில் நிறுத்தினால் தண்ணீர் குழலுக்குள் இறங்கிப் பசை விட்டுப்போகும். சென்னையின் புழுக்கத்தில் ஈரம் காயாத பிரஷ் முகத்தில் பரு வருவதற்கு ஒரு வழி. வாரம் ஒரு முறை கழுவுவது எந்த விலையுயர்ந்த கிரீமையும்விட முகத்துக்கு நல்லது.

மாத முடிவில் கண்டது இதுதான். பன்னிரண்டில் மூன்று மட்டுமே எல்லோருக்கும் பயன்பட்டன: பவுடருக்குப் பெரியது ஒன்று, கண்ணிமைக்குச் சிறியது ஒன்று, புருவத்துக்குச் சாய்வாக வெட்டியது ஒன்று. மீதி ஒன்பதும் பெட்டியை நிரப்ப வந்தவை. நடைபாதைப் பவுடர் பிரஷ் முதல் இரண்டு கழுவலில் முடி உதிர்த்தது, பிறகு ஒழுங்காக நடந்துகொண்டது. இமையோரக் கோடு எழுதுவதில் வாட்டர் கலர் பிரஷ், செட்டில் வந்த ஐ லைனர் பிரஷ்ஷை வென்றது. முனை கூர், கோடு மெலிசு, விலையும் குறைவு. சுங்கப் பட்டியல் சொன்னது சரிதான். பொருள் ஒன்று, 'பெண்ணுக்கு' என்று பெட்டியில் எழுதியதும் விலை ஏறுகிறது. ஃபவுண்டேஷனுக்கு விரலே போதும் என்பது இரண்டு மாணவிகளின் தீர்ப்பு. அதையும் நான் ஏற்கிறேன். விரல் உதிர்வதில்லை.

கறுப்புத் தோலுக்கு இந்தக் கருவிகள் என்ன செய்கின்றன என்பதும் எங்கள் பேச்சில் வந்தது. பிரஷ்ஷுக்கு நிறவெறி கிடையாது. அதைப் பிடிக்கச் சொல்லித் தருபவர்களுக்கு உண்டு. மணப்பெண் ஒப்பனை என்றாலே இரண்டு மூன்று ஷேடு ஏற்றிப் பூசுவது என்றாகிவிட்டது. கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறம். சாம்பல் பூத்த முகத்தோடு மணமேடையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணைப் பார்த்து 'எவ்வளவு கலரா இருக்கா' என்கிறார்கள். 1975இல் சந்தைக்கு வந்த ஃபேர் அண்ட் லவ்லி, 2020இல் பெயரில் இருந்த 'ஃபேர்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'க்ளோ' என்று மாற்றிக்கொண்டது. பெயர் மாறியது, கண்ணாடிக்கு முன் நிற்கும் பெண்ணிடம் கேட்கப்படும் கேள்வி மாறவில்லை. தன் தோலின் நிறத்திலேயே ஃபவுண்டேஷன் கேட்டு வாங்கத் தெரிவது, பிரஷ் தேர்வதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியது.

முடி எங்கிருந்து வருகிறது என்றும் கேட்டாக வேண்டும். இந்தியாவில் பிரஷ் தொழிலுக்குப் பெயர்போன ஊர் உத்தரப் பிரதேசத்தின் பிஜ்னோர் மாவட்டத்தில் உள்ள ஷேர்கோட். நம் நாட்டில் நல்ல பிரஷ் என்றால் நெடுங்காலம் கீரி முடி பிரஷ்தான். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் கீரியைக் கொல்வதும் அதன் முடியை விற்பதும் குற்றம். ஆனாலும் வியாபாரம் நடந்தது. 2019 அக்டோபரில் வனவிலங்குக் குற்றத் தடுப்புப் பிரிவு 'ஆபரேஷன் கிளீன் ஆர்ட்' என்ற பெயரில் பல மாநிலங்களில் சோதனை நடத்திக் கீரி முடிப் பிரஷ்களைக் கைப்பற்றியது. ஒரு கிலோ முடிக்கு ஏறத்தாழ ஐம்பது கீரிகள் சாகின்றன என்று அப்போது சொல்லப்பட்டது. அந்தப் பிரஷ்கள் பெரும்பாலும் ஓவியர்களுக்கானவை. இதைக் குறிப்பிடக் காரணம் உண்டு. பெண்களின் அலங்கார ஆசையால் விலங்குகள் மடிகின்றன என்று உருகுபவர்கள், உயர்ந்த கலைக்காகச் செத்த கீரியைக் கணக்கில் சேர்ப்பதில்லை. செயற்கை இழையைக் கேட்டு வாங்குவோம். அறிவுரையை இரு பக்கமும் சமமாகப் பங்கிடச் சொல்வோம்.

அரசும் நம் முகத்தைப் பற்றித் தெளிவான கருத்து வைத்திருக்கிறது. 2017 ஜூலையில் சரக்கு சேவை வரி வந்தபோது குங்குமம், பொட்டு, சிந்தூர் ஆகியவற்றுக்கு வரி இல்லை. கண்மைக்கும் இல்லை, ஆனால் அதுவே பென்சில் வடிவில் வந்தால் வரி உண்டு. மாதவிடாய்க்கால நாப்கினுக்கு 12 விழுக்காடு. பெண்கள் நாடெங்கும் போராடிய பிறகு 2018 ஜூலையில்தான் அந்த வரி நீங்கியது. கணவன் உயிரோடு இருப்பதை நெற்றியில் அறிவிக்கும் சிவப்புக்கு முதல் நாளே விலக்கு. உடம்பிலிருந்து வரும் சிவப்புக்கு ஓராண்டு வரி. எந்தத் தீட்டல் மங்கலம், எது ஆடம்பரம் என்று முடிவு செய்யும் மேசையில் பெண்கள் எத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள் என்று கேட்பது நம் வேலை.

வெளிநாட்டில் மட்டும் வேறாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். ஜப்பானில் ஹிரோஷிமா மாநிலத்தில் குமானோ என்ற ஊர். எழுதும் தூரிகை செய்து பெயர்பெற்ற ஊர், பிறகு ஒப்பனைத் தூரிகைக்கும் உலகப் புகழ் அடைந்தது. 2011 ஜூலையில் ஜப்பான் பெண்கள் கால்பந்து அணி அமெரிக்காவை வென்று உலகக் கோப்பையைக் கைப்பற்றியது. நிலநடுக்கத்தாலும் ஆழிப்பேரலையாலும் அந்த நாடு நொறுங்கிக் கிடந்த ஆண்டு அது. அரசு அவர்களுக்கு மக்கள் கௌரவ விருது அளித்தது. விருதோடு ஒவ்வொருவருக்கும் தந்த நினைவுப் பரிசு குமானோ ஒப்பனைத் தூரிகை செட். அருமையான கைவினைப் பொருள், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் உலகக் கோப்பையை வென்று வந்த ஆண்கள் அணிக்கு ஷேவிங் செட் கொடுப்பார்களா? நூற்றிருபது நிமிடம் ஓடி, பெனால்ட்டியில் வென்று, வியர்வையில் நனைந்து நின்ற முகங்களைப் பார்த்ததும் ஓர் அரசுக்கு முதலில் தோன்றியது, இதைக் கொஞ்சம் ஒப்பனை செய்யலாம் என்பதுதான்.

மீண்டும் கூலிக்கு வருகிறேன். 2014 தீர்ப்பு கதவைத் திறந்தது. திறந்த கதவு வழியே போனவர்கள் இப்போது எங்கே நிற்கிறார்கள்? சேக்காடு, பட்டாபிராம், திருநின்றவூர் பக்கம் எந்தத் தெருவிலும் ஒரு வீட்டு வாசலில் 'பிரைடல் மேக்கப்' பலகை தொங்குகிறது. அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களில் அழகுக்கலைக்கு ஓராண்டுப் படிப்பே இருக்கிறது. முகூர்த்தம் காலை ஆறு மணி என்றால் அந்தப் பெண் இரண்டரைக்கு மண்டபத்தில் இருக்க வேண்டும். ஆட்டோ அவள் செலவு. பிரஷ், பவுடர், ஹேர்பின் எல்லாம் அவள் முதலீடு. கேமராக்காரரிடம் முன்பணம் கொடுத்து ரசீது வாங்கும் வீட்டார் இவளிடம், "ரெண்டு மணி நேர வேலைக்கு இவ்வளவா? அப்படியே பொண்ணோட அம்மாவுக்கும் தங்கச்சிக்கும் சேர்த்துப் போட்டு விட்டுடும்மா" என்கிறார்கள். வேலை முடிந்ததும் பந்தியில் எங்கே உட்காரச் சொல்வது என்று தயங்குபவர்களும் இருக்கிறார்கள். அடுத்தவர் உடம்பைத் தொட்டுச் செய்யும் வேலையைச் சில சாதிகளின் தலையில் கட்டி, செய்பவரைக் கீழாக வைத்த ஊர் இது. பார்லரின் கண்ணாடிக் கதவு அந்த நினைவை முழுதும் மறைத்துவிடவில்லை.

செயலி வழியாக வீடு தேடிப் போய் வேலை செய்யும் பெண்களின் நிலையும் இதுதான். 2021 அக்டோபரில் அர்பன் கம்பெனியின் அழகுக்கலைத் தொழிலாளர்கள் குருகிராமில் அந்த நிறுவன அலுவலகத்தின் முன் உட்கார்ந்து போராடினார்கள். கமிஷன் அதிகம் என்பது ஒரு குறை. வேலைக்கான பொருள்களை நிறுவனத்திடமே வாங்கியாக வேண்டும் என்பது இன்னொன்று. நிறுவனம் சில சலுகைகளை அறிவித்தது. டிசம்பரில் மறுபடி போராடியபோது போராடிய பெண்கள்மீது நிறுவனம் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. மும்பைச் சங்கம் பிரஷ்ஷைத் தொடாதே என்றது. செயலி நிறுவனம் பிரஷ்ஷைத் தொடு, ஆனால் நான் விற்கும் விலைக்கு வாங்கு என்றது. அங்கே அட்டை கிடைக்கவில்லை. இங்கே 'பார்ட்னர்' என்று பட்டம் கிடைத்தது, தொழிலாளி என்ற பெயர் கிடைக்கவில்லை. கருவி தன் வசம் இல்லாதவளுக்குக் கூலியும் தன் வசம் இருக்காது.

ஆகவே ஒப்பனை செய்யலாமா கூடாதா என்ற பட்டிமன்றத்திலிருந்து நாம் எழுந்து வெளியே வர வேண்டும். இரண்டு அணியும் பெண்ணின் முகத்தைப் பார்த்துப் பேசுகின்றன. அவள் கையைப் பார்ப்பதில்லை. கையைப் பார்த்தால் கேட்க வேண்டியவை வேறு. வேலையிடம் வற்புறுத்தும் ஒப்பனைக்கு வேலையிடம் பணம் தரட்டும். கல்யாண ஒப்பனைக்கு எழுத்தில் ஒப்பந்தமும் முன்பணமும் பயணப்படியும் இருக்கட்டும். வீட்டிலிருந்தும் செயலி வழியாகவும் இந்தத் தொழில் செய்யும் பெண்களுக்குச் சங்கம் வேண்டும், அதன் அட்டையில் 'ஒப்பனைத் தொழிலாளி' என்று எழுதியிருக்க வேண்டும். திரையில் பெயர் ஓடும்போது 'மேக்கப்மேன்' என்ற சொல் ஓய்வு பெறட்டும். 'ஒப்பனை' என்ற நல்ல சொல் நம்மிடம் இருக்கிறது, அதற்குப் பால் கிடையாது.

பிரஷ் கேட்டு வந்த மாணவிக்கும் என் பதில் இருக்கிறது. மூன்று வாங்கு. மணிக்கட்டில் ஓட்டிப் பார்த்து வாங்கு. வாரம் ஒரு முறை கழுவி, படுக்கையாகக் காய வை. உன் தோலின் நிறத்தைக் கடைக்காரர் மாற்றிச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதே. பூசிக்கொள்ளப் பிடிக்காத நாளில் பூசாமல் கிளம்பு. நாளை பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்கு உன்னை அழைத்து, "சும்மா லேசா போட்டு விடேன், உனக்குத்தான் நல்லா வருமே" என்றால், எவ்வளவு தருவீர்கள் என்று முதலில் கேள்.